விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவு

உலகுக்குக் காகிதம் கொடுத்தவர்கள் நாங்கள். வெடிமருந்து கொடுத்தவர்களும் நாங்களே. இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து, மூன்று பிரதி எடுத்து, முத்திரை குத்தி வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் பெருமை, பெய்ஜிங்கின் மேற்குப் புறநகரில் மூன்றாவது மாடியில் இயங்கும் எங்கள் 'விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவு'க்கே உரியது. நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். பெயர் லுவான் ஷூச்சின். கப்பலைத் தாக்கும் ஏவுகணைகளின் கையேட்டை ஆங்கிலத்தில் எழுதுவதும், வாங்கியவர்களுக்குச் சந்தேகம் வந்தால் தீர்த்துவைப்பதும் என் பணி.

எங்கள் ஏவுகணைகள் ஒரு குடும்பம். மூத்தவர், வடக்கே இருந்த ஓர் 'அண்ணன் தேசம்' கொடுத்த வரைபடங்களைப் பார்த்துப் பிறந்தவர். பாதி வரைபடம் கைக்கு வந்தபோது அண்ணனுக்கும் எங்களுக்கும் மனத்தாங்கல். அண்ணன் மீதியைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். மீதியை நாங்களே வரைந்தோம். ஆகவே முதலில் பிறந்த சிலர் பாதி தூரம்தான் போனார்கள். ஒருவர் அலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளேயே இருந்துகொண்டார். அப்புறம் தம்பிகள் பிறந்தார்கள், தேறினார்கள். 'கடற்கழுகு' என்று கம்பீரமாகப் பெயர் வைத்தோம். வெளிநாட்டார் அதைப் 'பட்டுப்புழு' என்று கூப்பிடுகிறார்கள். இதற்காக எங்கள் பிரிவுத் தலைவர் தௌ ஒருவாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

1987இல் எங்களுக்கு இரண்டு சிறந்த வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவர் எண்ணெய் விளையும் அந்த வளைகுடாவின் வலது கரை, மற்றவர் இடது கரை. ஏழு வருடமாக இருவருக்கும் சண்டை. நாங்கள் எந்தப் பக்கமும் சாயவில்லை. இருவருக்கும் ஒரே பொருளைத்தான் கொடுத்தோம். நடுநிலைமைக்கு இதைவிடச் சிறந்த சான்று சரித்திரத்தில் உண்டா என்று தெரியவில்லை.

அந்த வசந்தத்தில் என் தம்பி ஷூகாயிடமிருந்து கடிதம் வந்தது. அவன் வெளிநாட்டு எண்ணெய்க் கப்பலொன்றில் இயந்திர அறைப் பொறியாளன். 'அக்கா, எனக்குப் பதவி உயர்வு. அடுத்த மாதம் வேறு கப்பலுக்கு மாற்றுகிறார்கள். வளைகுடாவில் ஓடுவதிலேயே பெரியது அதுதான். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சைக்கிளில்தான் போக வேண்டும்' என்று எழுதியிருந்தான். அம்மா மாடிப்படி முழுக்க மிட்டாய் விநியோகம் செய்தாள். நான் மட்டும் என் மிட்டாயைப் பிரிக்காமலே வைத்துவிட்டேன்.

காரணம், கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கம். அதில் ஒரு வரி: 'எதிரே பல கப்பல்கள் தென்பட்டால், எது பெரிதோ அதையே தேர்ந்தெடுக்கும்.' எழுத்துப்பிழை இல்லாமல் அதை மொழிபெயர்த்தவள் நான்.

பொறியாளர் மெங்கிடம் ஓடினேன். கடற்கழுகை ஆளாக்கியதில் பெரும்பங்கு அவருடையது.

"மெங் அண்ணே, எண்ணெய்க் கப்பல் எது, போர்க் கப்பல் எதுன்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கக் கத்துக்குடுக்க முடியாதா?"

"இருபது வருஷம் மண்டையை ஒடச்சு, தண்ணில விழாமப் போறதுக்குக் கத்துக்குடுத்திருக்கேன். அதுக்கு மேல அதுகிட்ட மரியாதை எல்லாம் எதிர்பாக்காத, ஷூச்சின்."

"அதுக்காக, எது பெருசோ அதுலயா போய் விழும்?"

"ஏன், பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறவங்க எந்த வீட்டுக்கு மொதல்ல போறாங்க? அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

தம்பியை எச்சரிக்கலாம் என்றால், நாற்பத்தொன்றாம் பக்கம் இரகசியம். முறைப்படி அனுமதி கேட்டு இரகசியக் காப்பு அலுவலர் தோழர் கெயிடம் போனேன்.

"தம்பிகிட்ட என்ன சொல்லணும் உங்களுக்கு?"

"கையேட்டுல ஒரு வரி, தோழர்."

"எந்த வரி?"

சொன்னேன். அவர் எழுந்து ஓடிக் கதவைச் சாத்தினார்.

"அடக் கடவுளே, இத என்கிட்ட ஏம்மா சொன்னீங்க? இதைக் கேக்குற தகுதி எனக்கே கிடையாது!"

"வலது கரைக்குத் தெரியுமே, தோழர். இடது கரைக்கும் தெரியும். போன வருஷக் கண்காட்சியில படம் போட்டு நாமே விளம்பரத் தாள் குடுத்தோமே."

"அவங்க எல்லாம் பட்டியல்ல இருக்காங்க. உங்க தம்பி இல்லியே."

"பட்டியல்ல சேர என்ன பண்ணணும்?"

"ஒண்ணு விக்கணும். இல்ல வாங்கணும்."

"வாங்கத்தானே தோழர் போறான்!"

"அந்த வாங்குறது இல்லம்மா. ஒப்பந்தம் போட்டு வாங்கணும்."

விண்ணப்பத்தை வாங்கி, மேசைமேல் இருந்த காகிதக் கட்டின் அடியில் போட்டுக்கொண்டார். பதில் வர ஆறு மாதம் ஆகும் என்றார். இரகசியத்தை இவ்வளவு பத்திரமாகக் காக்கும் மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரை அப்படியே தூக்கி ஜன்னல் வழியே போட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அதே வாரம் இரு கரை அதிகாரிகளும் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள். தேதியைத் தட்டச்சு செய்ததில் பிழை. நல்லவேளை, அது என் பிழை இல்லை. விருந்தினர் விடுதிகள் இரண்டு இருந்தன. ஆனால் ஹலால் உணவுக்கூடம் ஒன்றுதான். தலைவர் தௌ திட்டம் வகுத்தார்: வலது கரை பதினொன்றரைக்கு, இடது கரை பன்னிரண்டரைக்கு. சமையல்காரர் ஷா போட்ட ஆட்டுக்கறி நூடுல்ஸ் திட்டத்தைக் கவிழ்த்துவிட்டது. வலது கரை இரண்டாம் கிண்ணம் கேட்டு உட்கார்ந்திருக்கையிலேயே இடது கரை வாசலுக்கு வந்துவிட்டது. மயில் வரைந்த மடக்குத் திரையொன்றை நடுவில் நிறுத்தினோம். இருபுறமும் உறிஞ்சும் சத்தம் ஒரே மாதிரி கேட்டது.

சாப்பாட்டுக்குப் பின் பாடம். தலைவர் தௌ என் காதில் சொன்னார்:

"எதுக்கும்மா ரெண்டு தடவ கத்தணும்? திரை ஓரத்துல நின்னு ஒரே தடவையா படிச்சிடு."

படித்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம் வந்ததும் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் பணிவாகக் கேட்டது: "அம்மா, அந்த வரிய இன்னொரு தடவ சொல்றீங்களா?" இந்தப் பக்கத்துக் குரல், "ஆமாங்க, கொஞ்சம் மெதுவா" என்றது. மெதுவாகச் சொன்னேன். இரண்டு பக்கமும் பேனாக்கள் எழுதின. என் தம்பியைத் தவிர எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றுதான் வழி புலப்பட்டது. இரகசியத்தை எழுதத்தானே தடை? மூடநம்பிக்கையை எழுதத் தடை இல்லையே. எங்கள் பஞ்சாங்கத்தில் பன்னிரண்டு விலங்குகள், வருடத்துக்கு ஒன்றாகச் சுற்றி வரும்; அது முயல் வருடம். ஷூகாய் பிறந்ததும் முயல் வருடத்தில். சொந்த விலங்கின் வருடம் திரும்பி வரும்போது மனிதனுக்குக் கண்டம் என்பது எங்கள் ஊரில் கட்சி உறுப்பினர்களும் வெளியே சொல்லாமல் நம்புகிற விஷயம். எழுதினேன்: 'தம்பி, இது உன் வருடம். முயலுக்குச் சின்ன வளைதான் ஆகும். பெரிய இடம் ஆகாது. சின்னக் கப்பலாகப் பார்த்து மாறிக்கொள்.'

வழக்கம்போலக் கடிதத்தைத் தோழர் கெ பிரித்துப் படித்தார். "மூடநம்பிக்கை. தப்புதான். ஆனா கசிவு இல்ல, போகட்டும்" என்றார். தண்டனையாக இரண்டு பக்கத்துக்குத் தன்விமரிசனம் எழுதிக் கொடுத்தேன்.

பதில் வந்தது. 'கட்சிக்காரி நீ, எனக்கு வளை பார்க்கிறாயா? இதையெல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உன் தலைவரிடம் கொடு.'

அம்மாவிடம் போனேன். முதலில் அவள் மசியவில்லை.

"பெரிய கப்பல்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனேடி. இப்பப் போயி சின்னதுன்னா எதிர்வீட்டுக்காரி சிரிக்க மாட்டாளா?"

"அம்மா, அவனுக்கு இது முயல் வருஷம்."

அம்மாவின் முகம் மாறியது. மறுநாளே கப்பல் நிறுவனம் மூலம் தந்தி பறந்தது: 'சின்னக் கப்பலுக்கு மாறு. இல்லையேல் என் முகத்தில் விழிக்காதே.'

எங்கள் குடும்பத்தில் கடற்கழுகைவிடக் குறி தவறாதது அம்மாவின் தந்தி. ஷூகாய் மாறிக்கொண்டான். பெரிய கப்பலில் அவன் இடத்துக்கு நிங்போ ஊர்க்காரர் ஒருவர் போனார். பெயர் யே குவோலியாங். அவருக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. சந்தோஷத்தில் ஷூகாய்க்கு பீர் வாங்கிக் கொடுத்து, "உங்க அக்காவுக்கு என் நன்றியச் சொல்லுங்க" என்றாராம். ஷூகாய் எழுதிய இதைப் படித்தபோது நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அக்டோபரில் இரண்டு கரைகளிலிருந்தும் ஒரே வாரத்தில் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. தலைவர் தௌ எல்லோரையும் நிற்கவைத்து வாசித்தார். 'தங்கள் பொருள் மிகச் சிறப்பாகச் செயல்பட்டது' என்றது வலது கரை. இடது கரையும் அதையே சொன்னது. தாக்கிய தேதி ஒன்று. கப்பலின் பெயரும் ஒன்று.

"ரெண்டு பேரும் நாங்கதான் அடிச்சோம்ங்கிறாங்களே, தலைவரே?" என்றார் மெங்.

"நாம எதுக்கு ஒருத்தரப் பொய்யர்னு சொல்லணும்? ரெண்டு பேரும் வாடிக்கையாளர். ரெண்டையும் கணக்குல சேத்துக்கலாம்."

ஏழு வருடப் போரில் இரு கரையும் ஒத்துப்போன முதல் விஷயம் எங்கள் பொருளின் தரம். பிரிவுக்குச் சிவப்புப் பட்டுப் பாராட்டுக்கொடி கிடைத்தது. எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். கடிதங்களில் இருந்தது, ஷூகாய் போகாமல் விட்ட கப்பலின் பெயர்.

பத்து நாளில் அவன் கடிதம் வந்தது. 'இயந்திர அறையில் மூன்று பேர் போய்விட்டார்கள், அக்கா. யேயும் அதில் ஒருவர். நான் இருந்திருக்க வேண்டிய இடம். முயல் கதையெல்லாம் வேண்டாம். உனக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்த நீ ஏன் எல்லோருக்கும் சொல்லவில்லை?'

கடிதத்தோடு தோழர் கெயிடம் போய், இதற்காவது பதில் எழுத அனுமதி உண்டா என்று கேட்டேன். அவர் முதலில் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பழசையே எழுதுங்கம்மா. வருஷம் சரியில்லன்னு. போன தடவ நல்லாத்தானே வேல செஞ்சுது?"

என்னால் எழுத முடியவில்லை. பதிலே போடவில்லை. அவனும் அப்புறம் எழுதவில்லை.

டிசம்பரில் ஆண்டறிக்கை. 'இரகசியக் காப்பு' பற்றிய பகுதியை எழுதும் கௌரவத்தை, என் சுத்தமான நடைக்காக, எனக்கே கொடுத்தார்கள். எழுதினேன்: 'நடப்பு ஆண்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தின் செய்தி, அதை அறியத் தகுதியற்ற எவரையும் சென்றடையவில்லை.'

தலைவர் தௌ படித்துவிட்டுத் தலையசைத்தார்.

"பிரமாதம்மா. ஆனா பொத்தாம்பொதுவா இருக்கு. மேலிடத்துல நம்பணும்ல? ஒரு உதாரணம் குடு."

பேனாவை எடுத்து அடியில் சேர்த்துக் கொடுத்தேன்: 'உதாரணமாக, யே குவோலியாங், வயது இருபத்தொன்பது, நிங்போ.'