தெரியுமே அண்ணனும் மஞ்சள் எழுத்தும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் 'தெரியும்' என்ற சொல்லை அதிகம் சொன்ன மனிதர் யார் என்று போட்டி வைத்தால், இரண்டாம் பரிசுக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும். முதல் பரிசு எங்கள் தெரியுமே அண்ணனுக்கு. அதை மேடையில் கூப்பிட்டுக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, "தெரியுமே!" என்பார்.

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், அவர் டைப்பிஸ்ட். நான் பக்கத்து நாற்காலி கிளார்க்கு.

"அண்ணே, நாளைக்கு பஸ் ஓடாதாம்."

"தெரியுமே."

"முதலாளிக்குப் பேரன் பொறந்திருக்கானாம்."

"தெரியுமே."

ஒருநாள் வேண்டுமென்றே, "எங்க மாமியாருக்கு ஊமத்தங்காய் ஊறுகாய்னா உசுருண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் தெரியுமே! அந்த வாயிலிருந்து 'தெரியாது' வந்து யாரும் கேட்டதில்லை. 'தெரியல' என்பதும் வந்ததில்லை. அந்த இரண்டாவதில்தான் விஷயமே இருந்தது. என் மரமண்டைக்கு அது உறைக்க நாளாயிற்று.

அவர் வீடு கோலியனூரில். எனக்கு விழுப்புரம். சாயந்திரம் நான் எந்த பஸ்ஸில் ஏறுகிறேனோ அதில்தான் அவரும் ஏறுவார். நம் மேல் மனிதருக்கு என்ன பிரியம் என்று நானும் பூரித்துப்போயிருந்தேன். ஓர் அமாவாசையன்று நான் லீவு. அண்ணன் தனியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, தூங்கி விழித்தால் மேல்மலையனூர். அங்காளம்மன் கோயிலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அண்ணனோ ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர். மறுநாள் நெற்றியில் பாதி அழிந்த குங்குமத்தோடு ஆபீசுக்கு வந்து நின்றார்.

"இன்னாண்ணே இது கோலம்?"

"தெரிஞ்சேதான் போனேன். எல்லா சாமியும் ஒண்ணுதானே?"

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மண்டிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சென்னையில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளி எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"திங்கக்கெழமையிலேந்து வெல கேக்கறது, சொல்றது எல்லாம் மெயில்லதான். நானே பக்கத்துல உக்காந்து பாப்பேன். மெயில் பாக்கத் தெரியாதவங்க கிடங்குக்குப் போயிடலாம்."

கிடங்கு என்றால் நாளெல்லாம் லாரி பின்பக்கமாக வந்துகொண்டே இருக்கும் இடம். தலையில் மூட்டையோடு ஓடுகிறவன் எதிரில் வருகிறவனைப் பார்க்க மாட்டான். கண் நன்றாகத் தெரிகிறவனே அங்கே காலை மிதிபடக் கொடுத்துவிட்டு வருவான்.

"தெரியுமே சார்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்தவர், மூக்காலேயே திரையைத் துடைத்தார். அவரை டீக்கடையில் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, மெய்யா சொல்லுங்க. எழுத்து தெரியுதா?"

"தெரியுது."

"அந்த போர்டுல இன்னா எழுதியிருக்கு?"

"ஏன், உனக்குப் படிக்கத் தெரியாதா? எங்கிட்ட கேட்டுக்கினு நிக்கிற?"

அன்று சாயந்திரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அண்ணி நின்றிருந்தார். அண்ணன் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் கிசுகிசுத்தார். "புதுச்சேரி டாக்டரு இனிமே கண்ணாடி மாத்தி பிரயோஜனம் இல்லன்னுட்டாருப்பா. பொண்ணு நர்சிங் முடிக்கிற வரைக்குமாச்சும் இந்த சீட்டு நிக்கணும். நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. மனுசன் ஒடஞ்சுடுவாரு."

தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவர். தெரிந்ததைத் தெரியாத மாதிரி காட்டிக்கொள்ள நான். நல்ல ஜோடிதான்.

மறுநாள், எங்கள் இருவருக்கும் பொதுவான அந்தக் கம்ப்யூட்டரில் மெயில் புரோகிராமைத் திறந்து அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். ஆனால் எந்த அளவு போதும் என்று யாரைக் கேட்பது? அவரைக் கேட்டால் எல்லாம் தெரியுது. கடைசியில் அவர் மூக்கைத்தான் நம்பினேன். வெள்ளைத் திரையில் எழுத்து எவ்வளவு பெரிதானாலும் மூக்கு திரையை விட்டு நகரவில்லை; வெளிச்சம் கூசியதில் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. நீலத்தில் கொஞ்சம் விலகியது. திரையைக் கருப்பாக்கி எழுத்தை மஞ்சளாக்கினேன். மூக்கு மெல்லப் பின்னால் போய், முதுகு நாற்காலியில் சாய்ந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

தேவையில்லாத பொத்தான்களை எல்லாம் தூக்கிவிட்டு, படிக்க, எழுத, அனுப்ப மட்டும் விட்டுவைத்தேன். அவர் எழுதுவது அவருக்கே தெரிய வேண்டுமே என்று, எழுதும் எழுத்தையும் மஞ்சளாக்கினேன். தட்டுவது பற்றிக் கவலையில்லை. டைப் மெஷினில் பழகிய விரல்கள்.

"அண்ணே, எனக்குத்தான் கண்ணு கூசுது. அதான் இப்பிடி மாத்திக்கினேன். பொறுத்துக்குங்க."

"தெரியுமே" என்றார். "உனக்குக் கண்ணு சரியில்லன்னு நான் அப்பவே நெனச்சேன்."

திங்கட்கிழமை சின்ன முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னா இது, கருமாதிப் பத்திரிகை மாதிரி கருப்பா இருக்கு?"

"தம்பிக்குக் கண்ணு சரியில்ல சார். பாவம்" என்றார் அண்ணன், என்னைப் பரிதாபமாகப் பார்த்து. நான் கண்ணைக் கசக்கிக் காட்டினேன்.

சென்னை எண்ணெய் மில்காரரின் மெயில் வந்திருந்தது. மத்தியானத்துக்குள் விலை சொல்கிற மண்டிக்குத்தான் ஆர்டர். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே கணீரென்று படித்தார். மளமளவென்று பதில் தட்டி அனுப்பினார். சின்ன முதலாளி தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சை முழுதாக விடுவதற்குள் போன் அடித்தது. கேட்கக் கேட்க சின்ன முதலாளியின் முகம் சிவந்தது. "இன்னா அனுப்பினீங்க? வெறும் வெள்ளையா வந்திருக்காம். ஒண்ணுமே தெரியலையாம்!"

அண்ணன் மறுபடி தட்டினார். மறுபடி அனுப்பினார். மறுபடி போன். "இப்பவும் தெரியலையாம். வேற மண்டிக்குப் பேசிக்கிறேன்றாரு. மெயில் தெரியும் தெரியும்னீங்களே, இதான் தெரிஞ்ச லட்சணமா? கிளம்புங்க, கிடங்குக்கு!"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கருப்பு எங்கள் திரையோடு நின்றுவிட்டது. மஞ்சள் மட்டும் சென்னைக்குப் போயிருக்கிறது. வெள்ளைத் தாளில் வெளிறிய மஞ்சள் யார் கண்ணுக்குத் தெரியும்? அதைச் சொன்னால், மஞ்சள் எதற்கு என்ற கேள்வி வரும்.

"சார், கலரு நான்தான் மாத்தினேன். என் கண்ணுக்காக."

"அப்ப நீ போ கிடங்குக்கு! கண்ணு தெரியாதவனுக்கு இங்க இன்னா வேல?"

எழுந்தேன். வேறு வழி தெரியவில்லை. அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடையது என்று ஒரு கணம் எனக்கே புரியவில்லை. அந்தக் குரலில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லையே!

"அவனை உட்ருங்க சார். அவனுக்கு நல்லா தெரியும். எனக்குத்தான் தெரியல."

நான் அவர் பக்கம் திரும்பாமல், எட்டி, அனுப்பும் எழுத்தைக் கலரில்லாத சாதா எழுத்தாக மாற்றி மெயிலை மூன்றாவது முறை தட்டிவிட்டேன். போனையே பார்த்தபடி மூவரும் நின்றோம். அது அடிக்கிற வழியாக இல்லை. கடைசியில் அடித்தது. சின்ன முதலாளி கேட்டுவிட்டு வைத்தார்.

"வந்துடுச்சாம். லோடு அனுப்பச் சொல்றாரு." பிறகு அண்ணனிடம், "ஆனா காலையில அப்பிடிக் கணீர்னு படிச்சீங்களே, எப்பிடி?"

"இப்பிடி இருந்தா தெரியுது சார்."

சின்ன முதலாளி கருப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப இப்பிடியே இருக்கட்டும்" என்றவர், என்னிடம் திரும்பி, "என் சீட்டுல மட்டும் கை வெச்ச, தொலைச்சுடுவேன்" என்றார்.

மகள் நர்சிங் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிற வரை அண்ணன் அந்தத் திரை முன்னால் சாய்ந்தபடிதான் உட்கார்ந்திருந்தார். 'தெரியல'வை அதன்பிறகு அவர் சொல்லவில்லை. ஒரு முறை சொன்னதும் எனக்காகத்தான்.

இப்போது எனக்கும் சர்க்கரை வந்து, கண் மங்கிவிட்டது. இந்தக் கட்டுரையைக் கருப்புத் திரையில் மஞ்சள் எழுத்தில்தான் தட்டுகிறேன். அனுப்பும்போது ஞாபகமாகச் சாதா எழுத்தாக்கிவிடுவேன். இல்லாவிட்டால் பத்திரிகை ஆசிரியர் என் கட்டுரையில் ஒன்றுமே இல்லை என்பார். போன வாரம் கோலியனூருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, எனக்கு மெய்யாவே கண்ணு சரியில்லாம போச்சுண்ணே."

மறுமுனையில் "தெரியுமே" என்றார். சொல்லும்போது குரல் உடைந்திருந்தது.