பட்டி இல்லாத கடல்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாத்தளை டவுனுக்குப் போய் மீன் தொட்டி ஒண்ணுக்கு ஓடர் குடுக்கணும்.

சண்டை திரும்பத் தொடங்கியிருந்த நேரம். ஊரே அரிசி, மாவு, மண்ணெண்ணெய்னு வாங்கி அடுக்கிக்கிட்டிருந்துச்சு. நான் கடல வாங்கி வைக்கப் போனேன்.

எல்லாம் கொழும்புல ஒரு ஹோட்டலுக்குள்ள போய்ட்டு வந்த வினை. அங்க வாசல்லயே உப்புத்தண்ணித் தொட்டி. உள்ள பவளப்பாறை, பூ மாதிரி ஆடுற என்னமோ ஒண்ணு, வெள்ள வரி போட்ட ஆரஞ்சு மீன். தொட்டிக்கு மேல விளிம்பே கெடையாது. வெறும் கண்ணாடி, அதுக்கு மேல தண்ணி. கடல அப்படியே கத்தியால வெட்டி எடுத்து வச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் பலாபத்வலயில என் கொமினிகேஷன் கடைக்கு போட்டோகொப்பி எடுக்க வந்த ஒருத்தரும் அந்தக் கதைய கேக்காம வெளிய போகல்ல.

டவுன்ல நசீர் நானாவோட கண்ணாடிக்கடை. அவரு கேட்டது ஒரே கேள்வி. மேல சுத்திவரக் கண்ணாடிப் பட்டி ஒட்டி, நடுவுல குறுக்கால ஒரு பட்டி வைக்கவா, இல்லாட்டி சும்மா விடவா?

கூட வந்த என் வீட்டுக்காரி செல்வி உடனே பட்டி வைக்கச் சொன்னா. பட்டி இருந்தாத்தான் மேல மூடி நிக்கும், மீன் பாயாதுன்னு அவ கணக்கு.

நான் சிரிச்சேன். பட்டி வச்சா அது மீன் தொட்டி இல்ல, பேக்கரியில பணிஸ் வைக்கிற பெட்டின்னு சொன்னேன். ரசனை வேணும்னும் சொன்னேன். கடைசியாச் சொன்னதத்தான் சொல்லியிருக்கக் கூடாது. அவ கடைக்கு வெளிய போய் நின்னுட்டா.

பட்டி இல்லாட்டி தடிச்ச கண்ணாடி வேணும், தன்கிட்ட இருக்கிறது ஜன்னலுக்குப் போடுற மெல்லிசுதான்னு நானா சொன்னாரு. நிக்குமான்னு கேட்டேன். அவரு கண்ணாடியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, வானத்தப் பாத்தாரு.

“இன்ஷா அல்லா நிக்கும் தம்பி.”

இத விட நல்ல உத்தரவாதம் எவன் குடுப்பான்?

தொட்டி வந்துருச்சு. இனிக் கடல் வரணும். கூட்டாளி ஒருத்தன்கிட்ட வேன் எரவல் வாங்கிக்கிட்டு நீர்கொழும்புக்குப் போனேன். வேன் நெறயக் கேன்ல கடல்தண்ணி. மீன் விக்கிற எடத்துல ரெண்டு ஆரஞ்சு மீனும், பூ மாதிரி ஆடுற சாமானும், கொஞ்சம் பாறையும் பொலித்தீன் பையில கட்டிக் குடுத்தாங்க.

திரும்பி வாற வழியில செக்பொயின்ட். ஆமிக்காரரு அடையாள அட்டைய, அதான் ஐசிய, வாங்கிப் பாத்தாரு. பேரு தமிழ். பொறந்த எடம் மாத்தளை இரத்தோட்டை. பின்னால நெறயக் கேன்.

கேன்ல என்னன்னு சிங்களத்துல கேட்டாரு. கடல்தண்ணின்னு நானும் சிங்களத்துலயே சொன்னேன். என் சிங்களம் நல்ல சிங்களம். ஆனா சில உண்மைகள் எந்த பாஷையில சொன்னாலும் பொய் மாதிரியே கேக்கும்.

“மாத்தளையில தண்ணி இல்லையா?”

இருக்கு, ஆனா உப்பு இல்லன்னேன். அப்ப உப்பு வாங்கிப் போடுன்னாரு. அது வேற உப்புன்னு நான் வெளக்கப் போக, இன்னும் ரெண்டு பேரு துவக்கோட வந்து நின்னாங்க.

பெற்றோலா, வேற ஏதாவது வெடிமருந்தான்னு அவங்களுக்குத் தெரியணும். அதுக்கு அவங்க வச்சிருந்த பரிசோதனை ரொம்பச் சுலபம். குடின்னாங்க. ஒவ்வொரு கேன்லருந்தும் ஒரு வாய். பின்னால பஸ்ஸுல இருந்த சனம் எல்லாம் எறங்கி வரிசையில நின்னு என்னப் பாத்துச்சு. நான் ரோட்டோரத்துல நின்னு இந்து சமுத்திரத்தக் குடிச்சேன்.

நடுவுல எனக்குப் பயமும் வந்துச்சு. அந்த நாள்ல இத விடச் சின்னக் காரணத்துக்குக் கூட்டிட்டுப் போன ஆளுங்க இருந்தாங்க.

காப்பாத்துனது மீனுதான். பொலித்தீன் பைய வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாத்த ஆமிக்காரரோட மொகமே மாறிருச்சு. மத்தவங்களையும் கூப்பிட்டுக் காட்டுனாரு. என்ன சாப்பிடும்னு விசாரிச்சாரு. அந்த மீனுகிட்ட மட்டும் யாரும் ஐசி கேக்கல்ல.

போகச் சொல்லிட்டாங்க. வீடு வந்து சேர்றதுக்குள்ள வேன அங்கங்க நிப்பாட்ட வேண்டியதாப் போச்சு. காரணத்த நீங்களே யோசிச்சுக்கங்க.

நாங்க குடியிருந்தது மேல் வீடு. கீழ, வீட்டுச் சொந்தக்காரர் ஹாஜியாரோட மிளகு ஸ்டோர். சாக்கு சாக்கா மிளகு. ஹோலுல தொட்டிய வச்சுத் தண்ணிய நெரப்பி மீன விட்டேன். ஹோட்டல்ல பாத்த அதே அழகு. செல்வி கூட ஒரு நிமிசம் நின்னு பாத்தா. நான் ஒண்ணும் சொல்லல்ல. ஆனா சத்தமாத்தான் ஒண்ணும் சொல்லாம இருந்தேன்.

மறுநாள் காலையில அவ கூப்பிட்டா. “இங்க வாங்க. தொட்டிக்கு வயிறு வச்சிருக்கு.”

உண்மைதான். முன்கண்ணாடி நடுவுல வெளிய தள்ளி நின்னுச்சு, மாசமா இருக்கிற மாதிரி. கண்ணாடின்னா அப்படித்தான் கொஞ்சம் வளையும்னு நான் சொல்லிக்கிட்டிருக்கும்போதே மூலையில ஒட்டுன எடத்துலருந்து தண்ணி கோடு போட்டு எறங்குச்சு.

எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது மீன் இல்ல, கீழ இருக்கிற மிளகு. ஹாஜியாரோட ஒரு போகம் முழுக்க அங்கதான் இருக்கு. உப்புத்தண்ணி பட்டா முடிஞ்சுது.

பாஞ்சு போய்த் தொட்டியக் கட்டிப் பிடிச்சேன். கலியாணத்தன்னைக்குக் கூட நான் யாரையும் அவ்வளவு இறுக்கமாப் பிடிச்சதில்லன்னு செல்வி இன்னைக்கும் சொல்றா. அவ கொடிக்கயித்த அவுத்துட்டு வந்து தொட்டியச் சுத்திக் கட்டுனா. கயிறு இறுக இறுகத் தண்ணி இன்னும் வேகமா வந்துச்சு.

தண்ணிய வெளிய எடுக்கணும். செல்வி ஹோஸ் பைப்போட ஒரு முனையத் தொட்டியில போட்டா. தொட்டிய விட ஏலாது, அதனால கட்டிப் பிடிச்சபடியே மத்த முனைய நான் வாயால உறிஞ்சினேன். கடல்தண்ணி குடிக்கிறதுல எனக்குத்தான் அனுபவம் இருந்துச்சே. தண்ணி வரத் தொடங்கினதும் செல்வி பைப்ப இழுத்துப் பின் ஜன்னலால வெளிய விட்டா.

தொட்டி மெல்ல மெல்ல எறங்குச்சு. வயிறு வத்துச்சு. கீழ ஒரு சொட்டுக் கூடப் போகல்ல. எங்கள நெனச்சு எங்களுக்கே பெருமையா இருந்துச்சு.

அப்பத்தான் படியில செருப்புச் சத்தம். ஹாஜியார் வந்து வாசல்ல நின்னாரு. தொட்டியக் கட்டிப் பிடிச்சிருந்த என்ன ஒரு தரம் பாத்தாரு. ஜன்னலுக்குப் போற பைப்பப் பாத்தாரு.

பின் முத்தத்துலதான் அன்னைக்குக் காலையில பாய் விரிச்சு மிளகு காயப் போட்டிருந்தாரு. ஸ்டோர்ல மிச்சம் இருந்தது வெறும் பழைய சாக்குத்தானாம்.

அவரு சத்தம் போடல்ல. சத்தம் போட்டிருந்தா நல்லாருந்திருக்கும்.

“தம்பி, மிளகுக்கு உப்பு போடுறது கறியில. முத்தத்துல இல்ல.”

அந்த மிளகு முழுக்க நானும் செல்வியும் தான் கழுவிக் காய வச்சோம். மழை வந்தா நானே ஓடி அள்ளணும், வெயில் வந்தா நானே விரிக்கணும். கடைக்குப் பூட்டு. மீன் ரெண்டும் அது வரைக்கும் துணி ஊறப்போடுற பேசத்துல, எங்க ரெண்டு பேரையும் விட வசதியா இருந்துச்சு.

நசீர் நானா புதுத் தொட்டி செஞ்சு குடுத்தாரு. சுத்திவரப் பட்டி, நடுவுலயும் பட்டி. ஹாஜியார் இப்பவும் வாடகை வாங்க வந்தா மீனப் பாக்காம, தொட்டிக்கு அடியிலதான் குனிஞ்சு பாப்பாரு.

ரசனையப் பத்தி நான் இப்ப ஒண்ணும் பேசுறதில்ல. கடல் வளக்க ஆசைப்படுறவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்வேன்: கீழ் வீடாப் பாத்து வாடகைக்கு எடுங்க.