சீடிகளுக்குப் பெரட்டு

இந்த நாட்டில் சீடித் தட்டுகளுக்குத் தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு வரவு குறிக்கும் மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். வேறு நாடுகளில் இருக்கவும் வாய்ப்பில்லை. அவர் கடை வைத்திருப்பது கொட்டகலைக் கடைத்தெருவில். பெயர் பெரட்டு அண்ணன். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். ஆனால் தபால்காரர் கூட வாசலில் நின்று, "பெரட்டு அண்ணே, கடிதம்" என்றுதான் கூப்பிடுவார்.

தோட்டம் பழகாதவர்களுக்காக ஒரு வரி. வேலைக்குப் போகுமுன் தொழிலாளர்களை ஓரிடத்தில் கூட்டி, பெயர் கூப்பிட்டு, யாருக்கு இன்று எந்த மலை என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. இவர் வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பத்தொன்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து பெரட்டு எடுத்தவர். பிறகு தோட்டத்தை விட்டு வந்து இரண்டு கணினியும் ஒரு போட்டோ கொப்பி இயந்திரமும் வாங்கிக் கடை போட்டார். தோட்டத்தை அவர் விட்டாரே தவிர, பெரட்டு அவரை விடவில்லை.

கடைக்குள் எந்தச் சீடி வந்தாலும், டீவீடி வந்தாலும், அதை அச்சு அசலாக ஓர் இமேஜாகக் கணினிக்குள் பிரதி எடுத்துக்கொள்வார். தட்டு உரியவரோடு போய்விடும், பிரதி இவரிடம் தங்கிவிடும். இல்லாத டிரைவை இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் மென்பொருள் ஒன்று வைத்திருந்தார். பிரதியை அதில் ஏற்றினால், யாரோ உண்மையாகவே தட்டைப் போட்டுவிட்டதாக எண்ணிக் கணினி அதைத் திறந்து காட்டும். அந்த டிரைவுகளுக்கு அவர் வைத்த பெயர் காம்பரா. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறைகளைப் போல எஃப் காம்பரா, ஜி காம்பரா என்று வரிசையாக இருக்கும்.

காலை எட்டு மணிக்குக் கடை திறப்பார். உட்கார்ந்துகொண்டு பெரட்டு எடுப்பது மரியாதையில்லை என்பது அவர் கொள்கை. கணினி முன் விறைப்பாக நின்று, "நோட்டன் பிரிட்ஜ் கல்யாணம்" என்று கூப்பிடுவார். ஏற்றுவார். நாதஸ்வரம் ஐந்து விநாடி ஒலிக்கும். "வந்திருக்கு" என்று பதிவேட்டில் கோடு போட்டு இறக்குவார். அடுத்து, "பிரிண்டர் தட்டு, பழசு". பிறகு, "ஆங்கிலம் பேசலாம், ரெண்டாம் பாகம்". அதிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் குட்மோர்னிங் சொல்வாள். இவரும் பதிலுக்குச் சொல்லிவிட்டுத்தான் கோடு போடுவார்.

பதிவேட்டில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். இது ஊகமல்ல, ஒரு சனிக்கிழமை நான் உட்கார்ந்து எண்ணியது. நாளொன்றுக்கு நூறு வீதம் நான்கு நாளில் ஒரு சுற்று முடியும், மிஞ்சும் பன்னிரண்டு வெள்ளிக்கிழமைக்கு. அதோடு வெள்ளிக்கிழமைதான் எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பிரதி எடுப்பார். ஒன்று அவர் வீட்டுக்குப் போகும். மற்றது பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் நானாவின் சேலைக் கட்டுகளுக்கு அடியில் போகும். எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"எல்லாரையும் ஒரே லயத்துல குடிவச்சா, மண்சரிவு வந்தா என்னங்க சேர் செய்றது?"

அந்தப் பட்டியலில் வேண்டாதது என்று ஒன்றும் கிடையாது. யாரோ தவறுதலாகத் தன் பெருவிரலை மட்டும் படம்பிடித்து எழுதிய சீடி ஒன்று இருந்தது. அதில் வேறொன்றும் இல்லை. அதற்கும் வாரத்துக்கொரு முறை "பெருவிரல்" என்று அழைப்பு உண்டு, காம்பரா உண்டு, வரவு உண்டு. துணிக்கடை நானா இதைப் பற்றி என்னிடம் முறையிட்டிருக்கிறார்.

"நீங்க படிச்ச மனுசன், கொஞ்சம் அவருக்குச் செல்லுங்க சேர். சேல பாக்க வந்த பொம்பளைகள் பயந்து போறாங்க. நேத்து ‘பெருவிரல் வந்திருக்கு’ண்டு சத்தம் போட்டாரு. யார்ட பெருவிரலுண்டு எல்லாரும் என்னயப் பாக்குறாங்க."

ஆனால் இந்தப் பைத்தியக்காரத்தனத்தால் நன்மையும் விளைந்திருக்கிறது. நோட்டன் பிரிட்ஜில் இரண்டு குடும்பங்கள் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. கல்யாணத்துக்குப் பெண்ணின் தாய்மாமன் வரவேயில்லை என்பது மாப்பிள்ளை வீட்டாரின் குற்றச்சாட்டு. வந்தேன் என்பது மாமனின் கட்சி. இரு தரப்பிலும் கல்யாண டீவீடி பூசணம் பிடித்துப் போயிருந்ததால் சாட்சி இல்லை. கடைசியில் இரண்டு கட்சியும் பஸ் ஏறி பெரட்டு அண்ணனிடம் வந்தன. அவர் அந்தக் கல்யாணத்தை ஜி காம்பராவில் ஏற்றினார். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் மாமன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்றாவது தடவையாகப் பாயாசம் வாங்கிக்கொண்டிருந்தார். வருகை நிரூபணமாயிற்று. அங்கேயே சமாதானமானார்கள். பாயாசத்தைப் பற்றி அடுத்த வாரம் புதுச் சண்டை தொடங்கியதாகக் கேள்வி. அது அவருடைய பொறுப்பல்ல.

இனி என் விஷயம்.

நான் பாடசாலை ஒன்றில் கோப்பும் கடிதமுமாக வேலை பார்க்கும் லிகிதர். என் மனைவி பரமேஸ்வரி தோட்டத்துப் புள்ளக்காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில் வேலை பார்ப்பவள். குனிந்து குனிந்து பிள்ளைகளைத் தூக்கியதில் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கண்டியிலிருந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைத் தன் கண்ணால் பார்க்காமல், அறிக்கையை மட்டும் வாசித்து முதுகில் கத்தி வைக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். நான்கு மாதம் காத்திருந்து ஸ்கேன் எடுத்தோம். படம் முழுவதும் ஒரு சீடியில் தந்தார்கள்.

அறிக்கையைப் போட்டோ கொப்பி எடுக்கப் போனபோது அந்தச் சீடியும் என் கையில் இருந்தது. கொப்பி எடுத்துத் திரும்புவதற்குள் அது கணினிக்குள் போய் வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை பாடசாலைக்குப் போகும் வழியில், கடைத்தெரு முழுவதும் கேட்க அவர் கூப்பிடுவது என் காதில் விழுந்தது.

"பரமேஸ்வரி தங்கச்சி, முதுகு. வந்திருக்கு."

அன்று மாலையே கடிதம் எழுதினேன். நோயாளியின் தனிப்பட்ட விவரம் என்பதால் மேற்படி பிரதியை உடனடியாக அழித்துவிடுமாறு கேட்டு, கடிதத்துக்கு ஒரு கொப்பி எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, நேரில் கொடுத்தேன். அதன் பிறகு அந்தப் பெயர் கூப்பிடப்படவில்லை. மூன்றாம் நாள் அவரிடமிருந்து பதில் வந்தது. ‘தங்கள் கடிதம் கிடைத்தது. ஆவன செய்யப்படும்.’ விஷயம் முடிந்தது என்று கோப்பை மூடினேன். பரமேஸ்வரி இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத சந்தர்ப்பங்களை நான் தனிக் கவனத்துடன் நாட்குறிப்பில் எழுதியிருக்க வேண்டும்.

நிபுணரைப் பார்க்கும் நாள் வியாழக்கிழமை என்று குறித்திருந்தார்கள். திங்கட்கிழமை மாலை, ஆவணங்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். பதினான்கு தாள்கள், திகதி வரிசையில். சீடி இருந்த கடித உறையும் அதற்குரிய இடத்தில் இருக்க வேண்டாமா? தாள்களுக்குத் துளையிடும் பெரிய இயந்திரத்தைப் பாடசாலையிலிருந்து அனுமதி பெற்றுக் கொண்டு வந்திருந்தேன். உறையை வைத்தேன், பென்சிலால் நடுவைக் குறித்தேன், அழுத்தினேன். தாள் தரும் சத்தம் வரவில்லை.

அன்றைய நாட்குறிப்பு இது: ‘மாலை 5.40. ஸ்கேன் சீடி உடைந்தது. உடைத்தவர்: நான்.’

ஸ்கேன் எடுத்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கணினி மாற்றியாயிற்று, பழைய படங்கள் இல்லை, மறுபடி எடுக்கலாம், நான்கு மாதம் ஆகும் என்றார்கள். பரமேஸ்வரி அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இன்னும் நான்கு மாதம் அப்படித்தான் நடக்க வேண்டும். அவளிடம் சொல்லாமல் துண்டுகளைப் பொறுக்கினேன். அப்போதுதான் ‘ஆவன செய்யப்படும்’ என்ற வாக்கியம் நினைவுக்கு வந்தது. இருபத்தாறு வருடமாக அந்த வாக்கியத்தை நானே எழுதி வருகிறேன். அதன் பிறகு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒன்றும் நடக்காது. எனக்கு லேசாக நம்பிக்கை பிறந்தது.

மறுநாள் எட்டரை மணிக்குக் கடைக்குப் போனேன். பெரட்டு நடந்துகொண்டிருந்தது. பெரட்டுக்கு நடுவில் பேசினால் அவர் முதலிலிருந்து தொடங்குவார் என்பதால், மீதியிருந்த அறுபத்து மூன்று தட்டுகள் முடியும்வரை நின்றேன். முகத்தைப் பார்த்து நானா ஒரு பிளேன்டீ கொடுத்தனுப்பினார்.

"அண்ணே, நான் ஒரு கடிதம் தந்தேனே."

"தந்தீங்க சேர். பைல்ல இருக்கு."

"அதுல சொன்ன மாதிரி அழிச்சிட்டீங்களா?"

அவர் பேனாவை மூடினார். என் கடிதம் ஒன்றின்மீது யாரும் நடவடிக்கை எடுத்திருக்கக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

"கோவிச்சுக்காதீங்க சேர். பேர் வெட்ட எனக்குக் கை வராதுங்க. தோட்டத்துல ஒரு அம்மா ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. சொல்லாம வேலைக்கு நின்னுட்டா, பேர வெட்டுன்னாரு தோட்டத்துத் தொர. நான் சுகமில்லன்னு எழுதி வச்சேன். அதுலதான் எனக்கும் அவருக்கும் ஆகாமப் போயி, நான் இங்க வந்தது."

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘சுகமில்லாதவர்கள்’ என்று தலைப்பு. கீழே ஒரே ஒரு பெயர்.

"கடிதம் வந்த அன்னைக்கே தங்கச்சியக் கண்டு கேட்டேன். அது வேணாம்னிருந்தா அழிச்சிருப்பேன். சத்தமா கூப்புடாதீங்க, ஆனா வச்சிருங்கன்னுச்சு."

"ஏன் வச்சிருக்கச் சொன்னா?"

அவர் கூரையைப் பார்த்தார். "அதைச் சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க."

"சொல்லுங்க."

"‘எங்க வீட்டுக்காரரு பத்திரமா வைக்கிறேன்னு எதையாச்சும் பண்ணிருவாருண்ணே’ன்னுச்சு."

ஜி காம்பராவில் ஏற்றினார். முதுகெலும்பு சாம்பல் நிறத்தில், கணு கணுவாக, திரை முழுவதும் வந்து நின்றது. கல்யாணப் பந்தலில் அவள் முகத்தை முதலில் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததாக நாட்குறிப்பில் இல்லை.

பென்டிரைவில் போட்டுத் தாருங்கள் என்றேன். மறுத்துவிட்டார். டொக்டரிடம் உள்ள கணினி திறக்காவிட்டால் யார் பொறுப்பு, நானே என் மடிக்கணினியோடு வருகிறேன் என்றார். அப்படியென்றால் வியாழக்கிழமைப் பெரட்டு? அதை நானாவிடம் ஒப்படைத்தார். செவ்வாயும் புதனும் நானாவுக்குப் பயிற்சி நடந்தது.

வியாழக்கிழமை மூவரும் கண்டி பஸ்ஸில் போனோம். கினிகத்தேனையைத் தாண்டும்போது நானாவின் அழைப்பு வந்தது. எங்களுக்கும் கேட்கும் அளவுக்குச் சத்தமாக அறிக்கை தந்தார்.

"எல்லாம் வந்தீக்கிது. அந்தப் பெருவிரல்தான் கொஞ்சம் சுணங்கி வந்திச்சி. என்னமோ ஏதோண்டு பயந்திட்டேன்."

நாவலப்பிட்டி வந்ததும் நான் துணிந்து பரமேஸ்வரியிடம் சீடி உடைந்த கதையைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழமையே தெரியுங்க. ‘உடைந்தவை’ன்னு எழுதி, கவர்ல போட்டு, பைல்ல வச்சிருக்கீங்களே."

நிபுணர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையானவர். அவருடைய கணினி புத்தம் புதியது. அதில் சீடி போட இடமே இல்லை.

"இந்தத் தட்டுகளோட பெரிய கரைச்சல் ஐயா. தனியா ஒரு டிரைவ் வச்சிருந்தனான், அதுவும் பழுதாப் போச்சு. நீங்கள் சீடியைக் கொண்டு வந்திருந்தாலும் இண்டைக்குத் திருப்பித்தான் அனுப்பியிருப்பன்."

பெரட்டு அண்ணன் மடிக்கணினியை மேசையில் வைத்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நிமிர்ந்து நின்றார். பழக்கதோஷத்தில் குரலை உயர்த்தினார்.

"பரமேஸ்வரி, முதுகு."

"வந்திருக்கேங்க" என்றாள் பரமேஸ்வரி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், தன்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

படத்தை அவர் பத்து நிமிடம் முன்னும் பின்னுமாக உருட்டிப் பார்த்தார். பெரட்டு அண்ணன் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"வெட்டத் தேவையில்லை அம்மா. நரம்பு தப்பியிருக்கு. ஆறு மாதம் ஒழுங்காப் பயிற்சி செய்து பாப்பம். இதைப் பாக்காமல், அறிக்கையை மட்டும் வச்சு யாரும் இதைத் தைரியமாச் சொல்லமாட்டினம்."

நான் நன்றி சொல்லத் திரும்பினேன். பெரட்டு அண்ணன் அங்கே இல்லை. வெளியே நடைபாதையில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கண்டியில் தூசி அதிகம் என்று காரணம் சொன்னார்.

பயிற்சிக்குப் பதிய ஒரு படிவம் தந்தார்கள். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள இருவர் விவரம் கேட்டிருந்தது. முதலில் என் பெயரை எழுதினேன், உறவுமுறை கணவன். இரண்டாவது இடத்துக்கு அவருடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, முழுப் பெயரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் எழுதினேன். அடுத்திருந்த உறவுமுறைக் கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு ‘மனைவியின் அண்ணன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் கையெழுத்தோடு போன தாள்களில், ஆதாரம் எதுவும் இல்லாமல் நான் எழுதிய ஒரே விவரம் அதுதான். அதைத் திருத்தும் உத்தேசம் எனக்கு இல்லை.