ஏழாம் இலக்க பஸ்ஸைக் காப்பாற்றிய வரலாறு

ஓபர்மூஸ் பார்வைக் கோபுரத்துக்குப் போகும் வழியை மாவட்டத்தின் சுற்றுலாக் கையேடு இரண்டே வசனங்களில் சொல்கிறது. ஹம் நகரில் ரயிலேறி லிண்டன்ரோடவில் இறங்கவும். நிலைய வாசலில் நிற்கும் ஏழாம் இலக்க பஸ்ஸில் ஏறவும். இரண்டும் உண்மை. ரயில் காலை பத்து ஏழுக்கு வரும். பஸ் பத்து மூன்றுக்குப் போய்விடும்.

நாளுக்கு ஒரு பஸ்தான். முந்திய ரயில் அதிகாலை ஐந்தரைக்கு. அதில் வருபவர்கள் நிலைய வாசலிலேயே நாலரை மணித்தியாலம் இயற்கையை ரசிக்கலாம் என்று கையேட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

பஸ்ஸை ஓட்டியவர் இன்னாசித்தம்பி. பதினொரு வருடத்தில் ஒரு நிமிடம்கூடப் பிந்தியதில்லை. அதற்காக மாவட்டம் கொடுத்த மூன்று நற்சான்றுப் பத்திரங்கள் அவர் வீட்டு விறாந்தையில் தொங்குகின்றன. தினமும் பத்து மூன்றுக்குக் கதவைச் சாத்துவார். பத்து ஏழுக்கு மலை வளைவில் ஏறுவார். அங்கிருந்து பார்த்தால் கீழே நிலையம் முழுதாகத் தெரியும். முதுகுப் பையோடு பத்துப் பதினைந்து பேர் வெளியே வந்து, முதலில் அறிவிப்புப் பலகையையும் பிறகு மலையையும் பார்ப்பார்கள். இன்னாசித்தம்பி வெறும் பஸ்ஸோடு வளைவைக் கடப்பார்.

இதைப் பற்றிப் பேச அவர் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனார். பஸ் பகுதி என்ற பெயரில் இருந்தபோது அது இருபத்தாறு பஸ்களை ஓட்டிய அலுவலகம். இப்போது 'நிலைபேறான நகர்வு மேம்பாட்டு நடுவம்' என்று பெயர் வளர்ந்து, பஸ்கள் ஒன்பதாகிவிட்டன. பொறுப்பாளர் திருமதி ஹோல்ட்கம்ப் அவருக்குக் கோப்பி கொடுத்தார்.

"நான்கு நிமிடம் காத்து நின்றால் ரயிலில் வருபவர்களை ஏற்றலாம்," என்றார் இன்னாசித்தம்பி.

"காத்து நின்றால் நீங்கள் பிந்துகிறீர்கள்."

"அட்டவணையையே பத்து பத்து என்று மாற்றினால்?"

"ரயில் ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு வந்த காலத்தில் போட்ட நேரம் இது. ரயில் மாறிவிட்டது. நாங்களும் மாற்றினால் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும். ரயில் எங்கள் பொறுப்பில் வராது."

"ஆளில்லாமல் ஓடுகிறேன், அம்மணி."

"ஆனால் நேரத்துக்கு ஓடுகிறீர்கள்," என்று திருமதி ஹோல்ட்கம்ப் நெகிழ்ந்தார்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. பயணிகள் குறைவாயிருப்பதால் வரும் ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை எடுக்கப்படும். முப்பது பேருக்குக் குறைந்தால் சேவை நிறுத்தப்படும். சாரதி எழுபது கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பணிமனைக்கு மாற்றப்படுவார். அந்தப் பணிமனைக்கு பஸ் இல்லை. வீட்டிலிருந்த ஒரே கார் மனைவி றீற்றா வயோதிபர் இல்லத்து வேலைக்குக் கொண்டுபோவது. இன்னாசித்தம்பிக்கு ஓய்வூதியம் கிடைக்க இரண்டு வருடம் இருந்தது.

றீற்றா கடிதத்தை வாசித்துவிட்டுப் போனை எடுத்தார். இருபத்தைந்து வருடமாக ஹம்மில் நடந்த ஒரு சாமத்தியவீட்டையோ கலியாணத்தையோ அந்தியேட்டியையோ அவர் தவறவிட்டதில்லை. முதலில் குடும்ப நண்பர் மரியரட்ணத்துக்கு எடுத்தார்.

"அண்ணை, உங்கடை மூண்டு பிள்ளையளின்ரை விசேசத்துக்கும் நான் வந்து கடைசிப் பந்தி முடியும் மட்டும் நிண்டனான். மறந்திட்டியளோ?"

"என்ன பிள்ளை இப்பிடிக் கேக்கிறாய்? ஆருக்கு விசேசம்?"

"பஸ்ஸுக்கு."

மரியரட்ணம் விஷயத்தைக் கேட்டு முடித்தார். "ரெயின் பத்து ஏழுக்கெல்லோ வரும்? பஸ் பத்து மூண்டுக்குப் போனா எப்பிடிப் பிடிக்கிறது?"

"அதாலைதான் சொல்லுறன். எல்லாரும் காரிலை வாங்கோ."

மறுத்தவள் ஒருத்திதான். றீற்றாவின் தமையன் மகள் ஆரணி, பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். ஒரு நாளில் தான் எவ்வளவு கரி வெளிவிடுகிறாள் என்று போனில் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

"பொதுப் போக்குவரத்தைக் காரிலை வந்தோ காப்பாத்திறது, மாமி? நான் ரெயினிலைதான் வருவன்."

"வா. ஆனா பஸ் போயிடும்."

"போகட்டும். கொள்கை எண்டு ஒண்டு இருக்கு."

ஞாயிறு காலை பத்தொன்பது கார்களில் ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். சரித்திரத்தில் முதல் தடவையாக எல்லோரும் ஒன்பதரைக்கே வந்து நின்றார்கள். ஒரு பஸ்ஸுக்குப் பொருத்தமான உடை எது என்று தெரியாததால் பெண்கள் பட்டுச் சேலையில் வந்திருந்தார்கள். பற்றிஸ் பலகாரப் பெட்டி மூன்று ஏறியது. திருமதி ஹோல்ட்கம்ப் வாசலில் நின்று தலைகளை எண்ணினார். பத்து மூன்றுக்குப் பஸ் புறப்பட்டது. பத்து ஏழுக்கு மலை வளைவிலிருந்து பார்த்தபோது ஆரணி நிலையத்துக்கு வெளியே, முதுகுப் பைக்காரர்களிலிருந்து தள்ளித் தனியாக நின்றாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அவளுக்குக் கை காட்டினார்கள்.

மரியரட்ணம் கோபுரத்தின் நூற்றி நாற்பது படியையும் ஏறினார். மேலே இன்னாசித்தம்பி நின்றார்.

"தம்பி, அங்காலை என்ன தெரியுது?"

"அது பக்கத்து மாவட்டத்தின்ரை பார்வைக் கோபுரம்."

"அதிலை ஏறினா?"

"இது தெரியும்."

"பரவாயில்லை, ஒழுங்கான ஏற்பாடு," என்று மரியரட்ணம் படம் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது எல்லோர் கையிலும் ஒரு படிவம் கொடுக்கப்பட்டது. அதில் ஒரே கேள்வி: இந்தப் பேருந்தை அடைய எந்த வாகனத்தைப் பயன்படுத்தினீர்கள்? அரசாங்கக் கடதாசியில் பொய் எழுதக் கூடாது என்று அகதி விசாரணைக் காலத்திலேயே படித்தவர்கள் அவர்கள். ஐம்பத்திரண்டு பேரும் கார் என்று எழுதினார்கள்.

ஆறு மாதத்தில் அறிக்கை வந்தது. ஏழாம் இலக்க பஸ்ஸின் பயணிகளில் நூறு வீதமானோர் காரில் வருவது விஞ்ஞான முறைப்படி நிறுவப்பட்டிருந்தது. ஆகவே சேவை தொடரும். நிலைய வாசலில் எண்பது கார்களுக்கான தரிப்பிடம் கட்டப்படும். பஸ்ஸுக்குப் பச்சை நிறம் அடித்து 'இயற்கை இணைப்பூர்தி' என்று பெயர் வைக்கப்படும். அட்டவணை ஒழிக்கப்படும், பஸ் நிரம்பும் வரை நின்று, நிரம்பியதும் போகும், எத்தனை தடவையும் போகும். தரிப்பிட நிதியில் ஓடுவதால், தரிப்பிட அனுமதித் துண்டு வைத்திருப்பவர்கள் மட்டுமே ஏறலாம்.

றீற்றா ஐம்பத்திரண்டு பேருக்கும் போன் எடுத்து நன்றி சொன்னார்.

சேவை தொடங்கிய நாளில் ஆரணி ரயிலில் வந்தாள். பத்து ஏழு. பஸ் கதவைத் திறந்தபடி நின்றது.

"மாமா! பஸ் நிக்குது!"

"ஓம் பிள்ளை, இப்ப நிக்கலாம்," என்றார் இன்னாசித்தம்பி. "துண்டு எங்கை?"

"என்ன துண்டு?"

"கார் விட்ட துண்டு."

"நான் ரெயினிலை வந்தனான்."

இன்னாசித்தம்பி முன் சீற்றில் இருந்த திருமதி ஹோல்ட்கம்பைப் பார்த்தார். அவர் ஆரணியைக் கனிவோடு பார்த்தார்.

"ரயிலில் வருவது மிகவும் பாராட்டத்தக்கது," என்றார். "ஆனால் இந்த இணைப்பூர்தி தரிப்பிடத்தையும் கோபுரத்தையும்தான் இணைக்கிறது. துண்டு இலவசம். இயந்திரத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்தால் வரும்."

"வாகனம் இல்லாதவர்கள்?"

"அவர்களுக்குத் தரிப்பிடம் தேவைப்படாதே."

ஆரணி இறங்கினாள். சிறிது நேரம் இயந்திரத்தின் முன் நின்றாள். பிறகு நடந்து வந்து பஸ்ஸின் முகப்பில் இருந்த இலக்கத் தகட்டை வாசித்தாள். திரும்பிப் போய் அதை அழுத்தினாள். துண்டு வந்தது. திருமதி ஹோல்ட்கம்ப் அதை வாங்கி, முத்திரையைச் சரிபார்த்து, நல்ல பயணம் அமைய வாழ்த்தினார்.

அவளுக்குப் பின்னால் ரயிலில் வந்த பதின்மூன்று பேரும் வரிசையில் நின்றார்கள். மறு வாரம் இன்னாசித்தம்பியே பஸ்ஸின் இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி நிலையப் படிக்கட்டில் ஒட்டினார். அந்தக் கோடை முழுதும் பஸ் நிறைந்து ஓடியது. ரயிலில் வந்தவர்கள் சந்தோசமாகப் போனார்கள். ஆரணி தன் போனைக் காட்டி, ஒரு கிராம் கரியும் வீணாகவில்லை என்றாள்.

ஆண்டறிக்கையும் சந்தோசமானதாகவே இருந்தது. தரிப்பிடத்துக்கு வாகனங்கள் மூவாயிரம் தடவைக்கு மேல் வந்திருந்தன. அவற்றில் ஒரு வாகனம் மட்டும் இரண்டாயிரத்து முந்நூற்றி ஆறு தடவை வந்து முன்மாதிரியான விசுவாசத்தைக் காட்டியிருந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது யாருடையது என்று பார்க்க அனுமதி இல்லை. ஆகவே பெயர் தெரியாத அந்த உரிமையாளருக்கு மாவட்டம் நன்றி தெரிவித்தது. ரயிலில் வந்தவர்கள்: பூச்சியம்.

எண்பது இடம் போதாது என்பது இதனால் தெளிவாயிற்று. பக்கத்தில் யாருமே பயன்படுத்தாத ரயில் மேடை ஒன்று இருப்பதும் தெளிவாயிற்று. மேடையைத் தர முடியுமா என்று ரயில்காரர்களுக்கு எழுதினார்கள். முடியும் என்ற பதில் ஒரே வாரத்தில் வந்தது. ரயில்காரர்களிடமிருந்து கேட்ட நேரத்துக்கு வந்து சேர்ந்த ஒரே பொருள் அதுதான்.

இந்த வருடம் ரயில் லிண்டன்ரோடவில் நிற்பதில்லை. தரிப்பிடத்தில் இருநூறு கார் விடலாம்.

மே மாதத்து முதல் ஞாயிறு மரியரட்ணம் தன் காரில் வந்தார். பின் சீற்றில் ஆரணி இருந்தாள். தரிப்பிடத்துக்கு ஒரு கிலோமீற்றர் முன்பே வரிசை தொடங்கிவிட்டது. பக்கத்தில் பச்சை பஸ் ஒன்று அசையாமல் நின்றது. இன்னாசித்தம்பி யன்னலால் தலையை நீட்டினார்.

"அண்ணை, எவ்வளவு நேரமா நிக்கிறியள்?"

"முக்கால் மணித்தியாலம். நீ?"

"கோபுரத்தாலை திரும்பி வந்தனான். உள்ளை போக ஏலாமல் கிடக்கு. நான் போனாத்தானே அங்கை நிக்கிற ஆக்களை ஏத்தலாம்." அவர் முகத்தில் கவலை இல்லை. "எனக்கென்ன, பென்சனுக்கு இன்னும் நாலு மாதம்தான். பஸ்ஸுக்கு இனி ஒண்டும் வராது."

மரியரட்ணம் முன்னாலும் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு சனமும் எங்கையிருந்தடா காரைத் தூக்கிக்கொண்டு வருது?"

"அவையோ?" என்றாள் ஆரணி. "எல்லாம் போன வருசம் ரெயினிலை வந்த ஆக்கள்."