கீழிருந்து எடுத்த கெடா

இனிமேல் இந்த உலகத்தை நேராகப் பார்ப்பதில்லை என்று கோட்டைச்சாமி முடிவெடுத்துவிட்டார்.

நேராகப் பார்த்து என்னத்தைக் கண்டார்? திருச்சுழியில் ஒரு பலசரக்குக் கடை. எதிரே ஒரு பஸ் ஸ்டாப்பு. அம்புட்டுத்தான். மதுரையில் ஞாயிற்றுக்கிழமை சினிமா வகுப்பில் சேர்ந்த பிறகுதான் கண் திறந்தது. கேமராவைத் தரையில் வைத்து அண்ணாந்து பார்த்தால் அது லோ ஆங்கிள்; குள்ளனும் ராஜா ஆவான். உச்சியில் வைத்துக் குனிந்து பார்த்தால் டாப் ஆங்கிள். ராஜாவும் பூச்சி ஆவான். வாத்தியார் இதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த இளவட்டங்கள் கொட்டாவி விட்டன. கோட்டைச்சாமிக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது.

வீட்டில் சிலிர்க்க ஆளில்லை. அடுப்படித் தரையில் மல்லாந்து படுத்து, தாளித்துக்கொண்டிருந்த மனைவி ராமலட்சுமியைச் செல்போனில் படம் பிடித்தார்.

"என்னங்க, மயக்கமா?"

"லோ ஆங்கிள் புள்ள. உன்னைய மகாராணி மாதிரி காட்டப்போறேன்."

"மகாராணி காலடியில வெங்காயத் தோலு கெடக்கு. படுத்ததுதான் படுத்தீக, அதையும் அள்ளிட்டு எந்திரிங்க."

ஒரு கலைஞனுக்கு இந்த வீட்டில் கிடைத்த மரியாதை அதுதான்.

இந்த நேரம் பார்த்து மகள் தேவிபிரியாவுக்குக் காதுகுத்து வந்தது. குலதெய்வம் கருப்பசாமிக்குக் கெடா வெட்டிச் சோறு போட வேண்டும். பந்தல்குடியில் இருக்கும் தன் பிறந்த வீட்டு வகையறா மொத்தத்தையும் கூப்பிட வேண்டும் என்றாள் ராமலட்சுமி. "உங்க வகையறா கெடாய மட்டுமா திங்கும், கயித்தையும்ல சேத்துத் திங்கும்" என்று கோட்டைச்சாமி ஒரே போடாகப் போட்டார். நெருங்கின சொந்தம் மட்டும் போதும் என்று முடிவானது. முடிவானதாக அவர் நினைத்துக்கொண்டார்.

"கெடா மட்டும் நல்ல தாட்டியமா இருக்கணும்" என்று பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ராமலட்சுமி பிள்ளையோடு பந்தல்குடிக்கு பஸ் ஏறினாள்.

அந்தப் பணத்தில் பாதி, வழியிலேயே கிம்பலாக மாறிவிட்டது. செல்போனை ஆடாமல் அசையாமல் பிடிக்கிற கைப்பிடி அது. அது இல்லாமல் அடுத்த வகுப்புக்கு எந்த முகத்தோடு போவது? மீதிப் பணத்துக்கு நரிக்குடியில் ஆட்டுக்கார மொக்கையன் ஒன்றை அவிழ்த்துக் கொடுத்தார். அதைக் கெடா என்பது ஒரு மரியாதைக்குத்தான். பால்குடி மறந்து நாளாகவில்லை. காற்றடித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அன்றைக்கே போன் வந்தது. "கெடா வாங்கியாச்சா? வீடியோ எடுத்து அனுப்புங்க, பாப்போம்."

கோட்டைச்சாமி பதறவில்லை. படித்த படிப்பு எதற்கு? பொட்டல் தரையில் கவிழ்ந்து படுத்தார். கன்னத்தை மண்ணோடு ஒட்டி வைத்துக் கிம்பலை நீட்டினார்.

"என்ன மொதலாளி, அது கால்ல விழுந்து கெடக்கீக? வெட்டப்போறதுக்கு மன்னிப்புக் கேக்கீகளா?" என்றார் மொக்கையன்.

"உமக்கு வெளங்காது. அந்த வேப்பங்கொழையக் கொஞ்சம் உசரமாக் காட்டும். தலையத் தூக்கட்டும்."

கெடா தலையைத் தூக்கியது. படத்தில், பின்னால் நின்ற பனைமரம் அதன் காதளவுக்குத்தான் வந்தது. மொச்சைக்கொட்டை அளவு கொம்புக்கு ஒரு க்ளோஸப். அதிர அதிர ஒரு மேளச்சத்தம். அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் ராமலட்சுமி கூப்பிட்டாள். "ஆத்தாடி! கெடாயா அது, கெணத்துமேட்டுக் காளையா?"

"பின்ன? நான் வாங்குனது."

"எங்க சித்தப்பா பாத்துட்டு அசந்துட்டாக. இம்புட்டுப் பெரிய கெடாய வச்சுக்கிட்டு நாலு வீட்டுக்குச் சொன்னா மிச்சத்த என்ன செய்ய? அதான், எங்க வகையறா மொத்தத்துக்கும் சொல்லிப்பிட்டேன். சித்தப்பாவோட லாரி செட்டு ஆளுகளும் வாராக."

"ஏ புள்ள... அது... அம்புட்டுப் பேருக்கு..."

"ஏன், காணாதா? வீடியோல பாத்தேனே!"

தானே எடுத்த படம். தானே போட்ட மேளம். மகள் காதுகுத்தில் அத்தனை பேர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், ஆயுசுக்கும் பந்தல்குடி எல்லையை மிதிக்க முடியாது. அட்டைப்பெட்டி மணம்கூடப் போகாத கிம்பலை ஸ்டூடியோ அழகுராஜாவிடம் வந்த விலைக்குத் தள்ளினார். போதவில்லை. கல்லாவையும் வழித்துப் போட்டு நிஜமாகவே ஒரு பெரிய கெடாயைப் பிடித்து வந்தார். வழியெல்லாம் அதைத் திட்டினார். அது கண்டுகொள்ளவில்லை.

கோயிலில் திருவிழாக் கூட்டம். மாமனார் வகையறா இலை மாற்றி இலை உட்கார்ந்து வெளுத்துக் கட்டியது. அழகுராஜா, பறிபோன அந்தக் கிம்பலைப் பிடித்தபடி விசேஷத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஃபிரேமுக்குள்ள வாரீக."

கோட்டைச்சாமிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ராமலட்சுமியை ஓரமாக அழைத்தார். "உங்க சொந்தம் என்ன திங்கிறாகளா, அறுவடை பண்றாகளா? ஒத்தக் கெடாய நம்பி இத்தன பேருக்குச் சொல்லிருக்கியே, அறிவிருக்கா?"

"ஒத்தக் கெடாய யாரு நம்புனா?" ராமலட்சுமி குழம்பு வாளியை இறக்கி வைத்தாள். "உங்க வீடியோல கெடாவுக்கு முன்னாடி ஒரு கட்டெறும்பு போச்சு, பாத்தீகளா? அது பூனைக்குட்டி தண்டி இருந்துச்சு. எறும்பே அந்தத் தண்டின்னா, கெடா எந்தத் தண்டின்னு எனக்குக் கணக்குத் தெரியாதா?"

"அடிப்பாவி! தெரிஞ்சுமா ஊரக் கூப்பிட்ட? அப்பவே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லியிருந்தா ரெண்டாவது கெடா வந்திருக்குமா?" என்று வாளியை அவர் கையில் கொடுத்தாள். "போங்க, எங்க சித்தப்பா இலையில குழம்பு இல்ல."