கோட்டுக்கு வெளியே ஒரு கப்டன்

பந்தடி மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஓடுகிறார்கள், ஒருவர் விசில் ஊதுகிறார். ஆனால் ஆட்டத்தை ஆடுகிறவர் இவர்களில் ஒருவருமில்லை. அவர் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கோட்டோரக் கப்டன் என்ற இந்த இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பண்டத்தரிப்பிலும் உண்டு, கொடிகாமத்திலும் உண்டு. மாதிரிக்குக் குருநகர் யாகப்பர் ஒருவரே போதும்.

யாகப்பர் பிறந்ததிலிருந்து பந்தை உதைத்தவரல்ல. காலடிக்கு உருண்டு வந்த பந்தைக்கூடக் கையால் எடுத்து, துடைத்துத்தான் கொடுப்பார். அதனாலென்ன? முன்வரிசையில் நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் எங்கே என்பார், ஐந்து பேர் நின்றால், "பின்னுக்கு ஆர், உன்ரை கொப்பரோ?" என்பார், ஊர்க் கழகத்தில் கோலடிக்கிற கனிசியஸ் நடுவில் ஆடினால் ஓரத்துக்கு அனுப்பச் சொல்வார், ஓரத்துக்கு அனுப்பினால் நல்லதொரு சென்ரர் போர்வேட்டைப் பாழாக்கிவிட்டார்கள் என்று தலையில் அடித்துக்கொள்வார். கோல் விழுந்தால், "நான் அப்பவே சொன்னனான்." விழாவிட்டாலும் அதே வசனம்தான்.

வாயை மூடச் சொல்ல வழியில்லை. போர்க்காலம், பொருளாதாரத் தடை; ஊருக்குள் சாமான் வருவதில்லை. பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியோடு ஒழுங்கான பம்ப் அவரிடம் மட்டும்தான் இருந்தது. பம்ப் வேண்டுமென்றால் ஆளையும் சேர்த்துத்தானே தாங்க வேண்டும்?

தொண்ணூற்றிரண்டில் வந்தது அந்த இறுதியாட்டம். அதற்குமுன் மூன்று தடவை கிண்ணத்துக்குக் கிட்டப்போய்த் தோற்றது ஊர்க் கழகம். கப்டன் அடைக்கலநாதனுக்கு முழங்கால் போய்விட்டது. ஒருதரமாவது கிண்ணத்தைத் தூக்கிவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுவேன் என்று பிடிவாதமாக ஆடிக்கொண்டிருந்தான். இடைவேளையில் ஆளுக்கொரு கோல். கனிசியசுக்குக் கால் பிரண்டுவிட்டது. பயிற்சியாளரோ வீட்டில் மலேரியாவோடு படுக்கை. அடைக்கலநாதன் நேரே கோட்டோரத்துக்கு வந்தான்.

"யாகப்பண்ணை, கனிசியசுக்கு இனி ஏலாது. சென்ரருக்கு ஆரைப் போடுறது? நீங்கள் சொல்லுங்கோ, அப்படியே செய்யிறம்."

ஊரே திரும்பிப் பார்த்தது. வருடக்கணக்காக இந்தக் கேள்விக்காகத்தான் யாகப்பர் தொண்டை கிழியக் கத்தினார். கேட்டதும்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பெயரைச் சொல்லி, அவன் கோலைத் தவறவிட்டால், நாளைக்கு யாரைத் திட்டுவது? இப்படியொரு சங்கடம் அவருக்கு வந்ததே இல்லை.

"ஆளைப் பிறகு பாப்பம். முதல்லை பந்தைக் கொண்டா, காத்துக் காணாது."

"காத்துக் காணும், அண்ணை."

"உனக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியுமோ?"

அடித்தார். முகத்தில் பலத்த யோசனையை வைத்துக்கொண்டு காற்றடித்தார். "ஆர் அண்ணை?" என்று அவன் கேட்கக் கேட்க இன்னும் விரைவாக அடித்தார். விசில் ஊதும்வரை அடித்தே தப்பிவிடலாம் என்பதுதான் அவருடைய யுக்தி.

பந்து வெடித்தது.

மைதானத்தில் பாதிப் பேர் ஷெல் என்று நினைத்துக் குப்புற விழுந்தார்கள். எழுந்து பார்த்தால், கையில் கிழிந்த பந்துத் தோலோடு யாகப்பர் நிற்கிறார்.

வேறு பந்து இல்லை. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கழகமும் பேசி, கிண்ணம் யாருக்கென்று நாணயம் சுண்டினார்கள். அடைக்கலநாதன் பூக் கேட்டான். தலை விழுந்தது. பாவம், அவன் மணலில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தான். பம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாகப்பர் அவன் பின்னால் வந்து நின்றார்.

"தலையெல்லோ கேட்டிருக்க வேணும், தம்பி. நான் அப்பவே நினைச்சனான்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் வாசித்துக்கொண்டு வரும்போதே, இன்னொரு பந்து எடுத்து வைத்திருக்கலாமே என்றோ, அடைக்கலநாதனே சென்ரருக்குப் போயிருக்கலாமே என்றோ உங்களுக்குத் தோன்றியிருந்தால், கொஞ்சம் இப்படி வாருங்கள். கோட்டுக்கு வெளியே, யாகப்பருக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்க இடமிருக்கிறது.