காடை ஒளிக்க ஓரிடம்

மெல்பேர்ன் தமிழர்களில், வயிறு நிலத்தில் படப் படுத்துக்கொண்டு உலகத்தை அளந்த ஒரே மனிதர் பற்றை அண்ணைதான். இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அவருக்கும் ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். நோபல் பார்க்கில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்தபோது வேலை போனவர்கள் டாக்சி ஓடப் போனார்கள். இவர் மட்டும் கிரான்பர்னுக்கு அப்பால் பொப் என்ற வெள்ளைக்காரரின் காணிக்கு வேலைக்குப் போனார். அங்கே கவனிப்பாரில்லாமல் ஒரு சின்னக் காடு கிடந்தது.

பொப்பின் தகப்பன் காலத்தில் அந்தக் காட்டில் காடைகள் நிறைய இருந்தனவாம். குளிர் தொடங்கும் காலத்தில் நாயோடு போய் ஒன்றிரண்டு சுடவேண்டும் என்று பொப்புக்கு ஆசை. மரங்களோ நெருக்கியடித்து வளர்ந்து வெயிலை மறித்துவிட்டன. கீழே மிஞ்சியிருந்ததை மாடுகள் மேய்ந்து முடித்துவிட்டன.

"மேல பாத்தாக் காடு, கீழ பாத்தா பஸ் ஸ்ராண்ட்" என்றார் அண்ணை. "காடைக்கு மரம் என்னத்துக்கு? ஒளிக்கப் புல்லும் புதருமாப் பற்றை வேணும்."

பொப் கெடு வைத்தார். வருகிற வசந்தத்துக்குள் காடை வராவிட்டால் காட்டைத் தள்ளிக் குதிரை மேய விடுவார்.

அண்ணை வேலையில் இறங்கினார். மாடு புகாமல் வேலி போட்டார். இடையிடையே மரங்களைத் தறித்து வெயிலை உள்ளே விட்டார். தறித்த கொப்புகளை அங்கங்கே குவியலாக விட்டு, நடுவில் புல்லு நட்டார். பிறகு குப்புறப் படுத்து, காடையின் கண் உயரத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். ஒருநாள் நாயோடு நடந்துபோன ஒரு பெண் அவர் செத்துக் கிடக்கிறார் என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். "நான் இப்ப காடை. பருந்துக்கு என்னைத் தெரியுதோ எண்டு பாக்கிறன்" என்று ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்குத் தன் ஆங்கிலத்தில் விளக்கினார். நெஞ்சைச் சோதித்து முடித்தவர்கள் அதன்பிறகு தலையை நெடுநேரம் சோதித்தார்களாம்.

போகப்போக அது ஒரு வியாதியாகிவிட்டது. கலியாண மண்டபத்துப் புல்வெளியைப் பார்த்து, "வடிவாத்தான் இருக்கு. ஆனா ஒரு காடை வந்தா எங்க ஒளிக்கும்?" என்று மணப்பெண்ணின் தகப்பனிடம் கேட்டார். எங்கள் சங்கத் தலைவரின் வழுக்கைத் தலையைப் பார்த்தும் ஒருநாள் பெருமூச்சு விட்டார். காரணத்தை நான் கேட்கவில்லை.

அந்தத் தலைவரால்தான் வினை வந்தது. அண்ணைக்கு அறுபது வயதாகிறது, தனியாளாகக் கஷ்டப்படுகிறார், நாமெல்லாம் சேர்ந்து அவருக்குத் தெரியாமல் ஒரு சிரமதானம் செய்வோம் என்று முடிவெடுத்தார். நம்மவர்களுக்குச் சிரமதானம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: கூட்டிப் பெருக்குவது. பொப்பிடம் கேட்டார்கள். அண்ணை சொல்லி அனுப்பிய ஆட்கள் என்று நினைத்து அவரும் தலையாட்டிவிட்டார்.

அந்த ஞாயிறு பகல் அண்ணையை நான்தான் காரில் கூட்டிப் போனேன். எனக்கும் ஒன்றும் தெரியாது. காட்டு வாசலில் எங்கள் சனம் விளக்குமாறும் ரேக்கும் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று "சர்ப்ரைஸ்!" என்று கத்தியது. உள்ளே ஒரு சருகு இல்லை. புல்லெல்லாம் மொட்டை. கொப்புகள் வேலியோரம் விறகுபோல் அடுக்கப்பட்டிருந்தன. சருகு மூட்டைகளைத் தலைவர் தன் கத்தரிப் பாத்திக்கென்று ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

அண்ணை ஒரு மரக்குற்றியில் இருந்துவிட்டார்.

"தலைவர், தேர் வீதி மாதிரிக் கூட்டி வச்சிருக்கிறியள். காடை என்ன தேரிலயோ வரப்போகுது?"

மொட்டையான ஒரு புல்லடியைக் குனிந்து தடவினார். "இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் மற்றவன் சொன்னதைத்தான் செய்தனான். இது ஒண்டுதான் என்ர மூளையால செய்தது."

தலைவர் நிலத்தைப் பார்த்தார். "எங்களுக்கு விளங்கேல்லை அண்ணை. இப்ப என்ன செய்ய?"

அண்ணை கண்ணைத் துடைத்தார். "கொண்டுபோனதைக் கொண்டுவாங்கோ. குப்பையாக்குவம்."

அடுத்த ஞாயிறு அதே சனம் திரும்பி வந்தது. தலைவர் தன் பாத்தியில் பரப்பிய சருகைத் தன் கையாலேயே வாரி ட்ரெய்லரில் கொண்டுவந்தார். குப்பை போடுவது நம்மவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை அன்றுதான் கண்டேன். கை தானாகவே அடுக்கப் போகிறது.

"அடுக்காதேங்கோ அன்ரி, எறியுங்கோ!" என்று அண்ணை ஓடித் திரிந்தார். ஒவ்வொருவரும் தன் குவியலைத் தானே படுத்துப் பார்க்கவேண்டும் என்பது அவர் சட்டம். தலைவரும் தன் குவியலுக்குள் படுத்துக் கேட்டார்.

"நான் தெரியிறனோ?"

"கால் தெரியுது தலைவர்" என்றார் அண்ணை.

"அப்ப இன்னும் போடுங்கோ!"

காடு முழுக்க எங்கள் சனம் குப்புறக் கிடந்தது. அந்த நாய்க்காரப் பெண் அன்று வந்திருந்தால் மெல்பேர்னில் உள்ள ஆம்புலன்ஸ் எல்லாம் போதாமல் போயிருக்கும்.

அந்த வருடம் நீண்ட வறட்சி முடிந்து மழை கொட்டியது. வெட்டிய புல் முழங்காலளவு எழும்பியது. வசந்தத்தில் பொப் நாயோடு வந்தார். நாங்களும் போய் வேலியோரம் நின்றோம். நாய் மோந்து மோந்து போய்த் தலைவர் போட்ட குவியலின் முன்னால் அப்படியே நின்றது. படபடவென்று ஒரு காடை கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று.

"யூ பிளடி பியூட்டி!" என்று பொப் தொப்பியைக் கழற்றினார். காடையைச் சொன்னாரோ அண்ணையைச் சொன்னாரோ, எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தலைவர் அழுதேவிட்டார்.

அண்ணை மட்டும் காணிக்காரனிடமே உத்தரவு போட்டார்: "நோ ஷூட்டிங் நெக்ஸ்ட் வின்டர், பொப். முதல்ல குஞ்சு பொரிச்சுப் பெருகட்டும்." "யெஸ் பொஸ்" என்று பொப் தொப்பியை மறுபடி மாட்டினார். குதிரைகளும் வரவில்லை.

அண்ணை இப்போது மகளோடு சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறார். என் வீட்டுப் பின்வளவில் ஒரு மூலையை நான் வெட்டுவதே இல்லை. புல் வேலிக்கு மேலே போய்விட்டது என்று மனைவி ஏசாத கிழமை இல்லை. அங்கே காடை வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் அண்ணை என்றாவது ஒருநாள் வருவார், வந்ததும் குப்புறப் படுத்துத்தான் பார்ப்பார். அவரை என்னால் பெருமூச்சு விடவைக்க முடியாது.